ஒலிவியா டி ஹாவிலண்ட்: 104 வயசும் 7 வருஷ ஒப்பந்தமும்

நேயர் ஒருத்தர் கேட்டிருக்கார்: "ஹாலிவுட் நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் 104 வயசு வரைக்கும் இருந்தாங்களே, என்ன சாப்பிட்டாங்க?" சாப்பாட்டை விடுங்க. 1916 ஜூலை 1 டோக்கியோவுல பிறந்தாங்க, 2020 ஜூலை 26 பாரிஸ்ல காலமானாங்க. அது எல்லாருக்கும் தெரியும். அவங்க படப் பட்டியலை எடுத்து 1944, 1945ல விரலை வெச்சுப் பாருங்க. ஒரு படம்கூட வரலை. 'கான் வித் த விண்ட்' படத்துல மெலனியா நடிச்சவங்களுக்கா இந்த நிலைமை? நீங்க கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்.

அந்தக் கால ஹாலிவுட் ஸ்டுடியோ ஒப்பந்தம் பத்தி முன்னாடியே சொல்லியிருக்கேன், மறுபடியும் சொல்றேன். பேருக்கு 7 வருஷம். ஆனா வருஷா வருஷம் நீட்டிக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றது ஸ்டுடியோ மட்டும்தான். நடிகை பாதியில கிளம்ப முடியாது. கதை பிடிக்கலைன்னு மறுத்தா சஸ்பென்ஷன், சம்பளம் கட். அந்த வேஷத்தை வேற ஒருத்தர் நடிச்சு முடிக்க 10 வாரம் ஆச்சுன்னு வெச்சுக்கோங்க, அந்த 10 வாரமும் ஒப்பந்தத்தோட வால்ல போய் ஒட்டிக்கும். மூணு கதையை மறுத்தா 30 வாரம். இப்படியே இழுத்துக்கிட்டே போகலாம்.

வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோவோட ஒலிவியா போட்ட ஒப்பந்தம் 1936 மே மாசம் ஆரம்பிச்சது. 1943 மே மாசத்தோட முடியணும். இல்லை, சஸ்பென்ஷன் கணக்குல இன்னும் ஏறக்குறைய 6 மாசம் பாக்கின்னு ஸ்டுடியோ சொல்லிச்சு. ஒலிவியா வழக்குப் போட்டாங்க. தனிப்பட்ட வேலை ஒப்பந்தத்துல ஒருத்தரை 7 வருஷத்துக்கு மேல கட்டிப்போடக் கூடாதுன்னு கலிபோர்னியா தொழிலாளர் சட்டத்துல ஏற்கெனவே இருந்தது. "நிஜமா வேலை செஞ்ச 7 வருஷம்"னு ஸ்டுடியோ வாதாடிச்சு. கோர்ட் ஒத்துக்கலை. சுவத்துல தொங்கற காலண்டர்ல 7 வருஷம், அவ்வளவுதான். 1944 டிசம்பர்ல மேல்முறையீட்டுலயும் ஒலிவியாதான் ஜெயிச்சாங்க. வழக்கு நடக்கறப்ப மத்த ஸ்டுடியோக்களுக்கெல்லாம் எழுதி வேலை கிடைக்காம பண்ணினார் ஸ்டுடியோ முதலாளி ஜாக் வார்னர். அந்த ரெண்டு வருஷம் காலியா கிடக்கறது அதனாலதான்.

நடிகை பெட் டேவிஸ் 1936லயே இதே வார்னரோட லண்டன் கோர்ட்ல மோதித் தோத்தாங்களேன்னு கேப்பீங்க. அவங்க ஒப்பந்தம் நடுவுல இருக்கறப்பவே வேற கம்பெனிக்கு நடிக்கப் போனாங்க, ஸ்டுடியோ தடை வாங்கிடுச்சு. ஒலிவியா 7 வருஷம் முழுசா முடிஞ்சப்புறம்தான் கோர்ட் படியேறினாங்க. என்னைக் கேட்டா, தைரியத்தை விட அந்த நேரக் கணக்குதான் பெருசு.

வெளியே வந்ததும் 1946ல 'டு ஈச் ஹிஸ் ஓன்', 1949ல 'தி ஏரெஸ்'. ரெண்டும் பாரமவுண்ட் படம், ரெண்டுக்கும் ஆஸ்கர். 1965ல கான் திரைப்பட விழா நடுவர் குழுவுக்குத் தலைமை, அந்த நாற்காலியில உட்கார்ந்த முதல் பெண். 2017ல, 101 முடியறதுக்கு முந்தின நாள், டிவி தொடர்ல தன்னைத் தப்பா காட்டிட்டாங்கன்னு இன்னொரு வழக்குப் போட்டாங்க. அது தோத்துப்போச்சு.