நெற்றி விளக்கும் நிழலும்

நேயர்களுக்கு வணக்கம். இரவில் மலை மிதிவண்டி ஓட்டுபவர்கள் தலைக்கவசத்தின்மேல் பொருத்திக்கொள்ளும் விளக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று பேசும்படி என்னை அழைத்திருக்கிறார்கள். காவிரிப் படுகையில் மலை ஏது என்று கேட்பவர்கள் இருக்கலாம். நானும் நண்பர்களும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை துறையூர் தாண்டிப் பச்சைமலைக்குப் போவதுண்டு. மற்ற நாட்களில் எங்களுக்கு மலை என்பது கொள்ளிடக் கரைதான். திருவையாற்றுக்கு வடக்கே தொடங்கி அணைக்கரை நோக்கிப் போகும் அந்தக் கரையில், தார் போடாத இடங்களில், மழைக்காலத்தில் டிராக்டர் பதித்த தடம் கோடையில் காய்ந்து கல்லைப்போல இறுகிக் கிடக்கும். அதில் முன்சக்கரம் இறங்கிவிட்டால் வண்டி நம் பேச்சைக் கேட்காது.

புதிதாக இரவு ஓட்டத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் முதலில் வாங்குவது தலைக்கவச விளக்கைத்தான். நானும் அப்படித்தான் வாங்கினேன். தலை திரும்பும் பக்கமெல்லாம் வெளிச்சமும் திரும்புகிறது, இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அந்த விளக்கு மட்டும் இருந்த முதல் இரவில், பகலில் எனக்கு நன்றாகத் தெரிந்த பள்ளங்கள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கரை முழுவதும் வெளிறிய சமதரையாகத் தெரிந்தது. குலுங்கிய பிறகுதான் பள்ளம் இருந்தது புரிந்தது.

காரணத்தை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். இருட்டிய பின் தரையில் ஒரு தேங்காய் நார்க் கயிற்றைக் குறுக்கே போட்டுவிட்டு, பத்தடி தள்ளி நின்று, கை விளக்கை நெற்றியோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். கயிறு தரையில் கிழித்த கோடுபோலத் தெரியும். அதே விளக்கை இடுப்பளவுக்கு இறக்குங்கள். கயிற்றுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு நிழல் நீளும், கயிறு தரையைவிட்டு எழும்பி நிற்கும். மேடு பள்ளத்தை நமக்குக் காட்டுவது நிழல்தான். விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும்போது, ஒவ்வொரு நிழலும் அதை உண்டாக்கிய பொருளுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. ஆகவே தரையைக் காட்டுவதற்கு முதலில் கைப்பிடியில் அகலமாக விரியும் விளக்கு ஒன்று இருக்க வேண்டும். தலைக்கவச விளக்கு இரண்டாவதாகத்தான் வர வேண்டும்.

அப்படியானால் தலை விளக்குக்கு என்ன வேலை? கைப்பிடி விளக்கு வண்டி நோக்கும் திசையைக் காட்டும். தலை விளக்கு நாம் போக நினைக்கும் திசையைக் காட்டும். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் வண்டியின் விளக்கு பள்ளத்தாக்கின் வெறுமையில் விழுந்துகொண்டிருக்கும்போது, வளைவின் மறுமுனையை முன்கூட்டியே பார்த்துவிட உதவுவது தலை விளக்குதான். இன்னொரு பயனும் உண்டு. மாடு, நாய், நரி ஆகியவற்றின் விழிக்குள் இருக்கும் ஒரு படலம் ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்புவதால், விளக்கு நம் கண்ணருகே இருக்கும்போதுதான் அவற்றின் கண்கள் நன்றாக மின்னும். கரையோரப் புல்லில் பனித்துளிபோல் நூற்றுக்கணக்கில் பச்சையாக மினுங்குவனவற்றை நெருங்கிப் பார்த்தால், அவற்றில் பல சிலந்திகளின் கண்கள். பாம்பின் கண்ணில் அந்தப் படலம் கிடையாது. அதன் நிழலைக் கைப்பிடி விளக்குதான் காட்ட வேண்டும்.

வேலை இன்னதென்று தெரிந்துவிட்டால் தேர்வு பாதி முடிந்தது. தலை விளக்கின் கற்றை குறுகலாக இருக்க வேண்டும். பளிச்சென்று கண்ணைப் பறிக்க வேண்டியதில்லை. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 5 மீட்டர். 25 மீட்டர் தெளிவாகத் தெரிந்தால் ஐந்து நொடி அவகாசம் கிடைக்கிறது. விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியை லூமென் என்ற அளவால் சொல்வார்கள். கரையில் ஓட்ட 400 முதல் 600 லூமென் தாராளம். மலையிறக்கத்துக்கு 1000 லூமென் வரை இருக்கலாம். பெட்டியின்மேல் "200 மீட்டர் தூரம்" என்று அச்சிட்டிருந்தால், பொதுவாகப் பின்பற்றப்படும் அளவீட்டு முறைப்படி, அந்தத் தூரத்தில் கால் லக்ஸ் (லக்ஸ் என்பது ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு), அதாவது ஏறக்குறைய முழுநிலவின் வெளிச்சம், விழுகிறது என்றுதான் பொருள். தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்காகும் என்பதால், அதே விளக்கு 25 மீட்டரில் 16 லக்ஸ் தரும். அது நமக்குப் போதும்.

மின்கலம் விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம். இந்த விளக்குகளில் பரவலாகப் பயன்படுவது 18650 என்ற லித்தியம் மின்கலம். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. நல்ல தயாரிப்பில் அதன் கொள்ளளவு 3500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டி இருக்கும். நான் மலிவாக வாங்கிய ஒன்றின் உறையில் 9900 என்று போட்டிருந்தது. அது நாற்பது நிமிடத்தில் அணைந்துபோனதும் சந்தேகப்பட்டு, தெரிந்த நகைக்கடையில் பொன் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். நல்ல மின்கலம் 45 கிராமுக்கு மேல் இருக்கும். அது 31 கிராம்தான் காட்டியது. கடைக்காரர் மாற்று உரைத்துப் பார்க்கவா என்று கேட்டார்.

கணக்கும் கடினமானதன்று. 3500 மில்லி ஆம்பியர் மணியை 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12 அல்லது 13 வாட் மணி வரும். எல்.இ.டி. விளக்கு ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 100 லூமென் தருவதாகக் கொண்டால், 1000 லூமெனில் ஒன்றேகால் மணி நேரம், 500 லூமெனில் இரண்டரை மணி நேரம் எரியும். ஒற்றை மின்கலத்தில் 1000 லூமென் ஐந்து மணி நேரம் எரியும் என்று சொல்லும் விளம்பரத்தை நம்ப வேண்டாம். தூரத்துக்குச் சொன்ன அதே அளவீட்டு முறையில், ஒளி தொடக்க அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை நேரத்தைக் கணக்கிட இடமிருக்கிறது.

எடையைப் பொறுத்தவரை, தலையின்மேல் 150 கிராமுக்கு மேல் ஏற்ற வேண்டாம். அதற்கு மேல் போனால் கழுத்து ஒரு மணி நேரத்தில் முறையிடத் தொடங்கும், கவசமும் முன்பக்கம் சரிந்து புருவத்தில் உட்காரும். பெரிய மின்கலம் வேண்டுமென்றால் அதைச் சட்டையின் பின்பையில் வைத்து, மேலே கம்பி மட்டும் கொண்டுபோகும் அமைப்பை வாங்கலாம். விளக்கைத் தாங்கும் பிடி இழுத்தால் கழன்றுவிடுவதாக இருப்பது முக்கியம். தாழ்ந்த கருவேலங் கிளையில் மாட்டிக்கொண்டால் விளக்குதான் போக வேண்டும், கழுத்து போகக் கூடாது. மழைக்கு ஐ.பி.எக்ஸ். 4 என்ற, எந்தப் பக்கமிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் தரமே போதும்.

நம் படுகைக்கே உரிய தொல்லைகள் இரண்டு. வயலில் தாய் அந்துப்பூச்சியைப் பிடிக்க விவசாயிகள் விளக்குப் பொறி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தீபாவளியை ஒட்டிய வாரங்களில், பச்சைத் தத்துப்பூச்சி தெருவிளக்கை மொய்க்கும் நாட்களில், தலையில் விளக்கோடு வயலோரம் போகிறவர் நகரும் விளக்குப் பொறியாகிவிடுகிறார். வாயும் மூக்கும்தான் பொறியின் தட்டு. நிறமற்ற கண்ணாடி அணிந்துகொண்டு, தலை விளக்கைக் குறைத்துவிட்டுக் கைப்பிடி விளக்கை நம்ப வேண்டும். மற்றது மார்கழி, தை மாதத்துப் பனிமூட்டம். கண்ணருகே புறப்படும் ஒளி பனித்துளிகளில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்புவதால், எதிரே வெள்ளைத் திரை கட்டியதுபோல் ஆகிவிடும். அப்போது தலை விளக்கை முழுவதும் அணைத்துவிடுவதே நல்லது.

இதனால்தான் பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நடு இரவில் மடை மாற்றப் போகும் விவசாயி கரையில் எதிரே வருகிறார். அவர் நெற்றியிலும் ஒரு விளக்கு இருக்கிறது. யாரென்று பார்க்க அவர் முகத்தை நோக்கித் தலையைத் திருப்பிய உடனே, நம் விளக்கின் முழு ஒளியும் அவர் கண்ணில் பாய்கிறது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சரிவு. அந்த ஒரு கணத்தில் விளக்கைத் தணிக்க முடிய வேண்டும். ஆகவே கடையில் விளக்கைக் கவசத்தில் மாட்டி, தலையில் வைத்து, கையுறையோடு பொத்தானைத் தேடிப் பாருங்கள். ஒரே அழுத்தில் மங்கினால் சரி. மூன்று அழுத்து அழுத்தி, வெட்டி வெட்டி மின்னும் நிலையைக் கடந்துதான் மங்கும் என்றால், அந்த விளக்கை அங்கேயே வைத்துவிட்டு வரலாம். வணக்கம்.