எரியா, ஏரியா?

நேயர்களுக்கு வணக்கம். இலக்கியம், வரலாறு, மொழி ஆகியவற்றைக் கணினியின் துணையோடு ஆராயும் துறையைச் சிலர் எண்ணிம மனிதவியல் என்கிறார்கள். சிலர் டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் என்றே சொல்லிவிடுகிறார்கள். பெயர் நிலைபெறாததில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. இத்துறையில் ஈடுபட்டுள்ள ஆசிரியர்களும் மாணவர்களும் எங்கள் பல்கலைக்கழகத்தில் மாதம் ஒருமுறை கூடுகிறோம். முடிந்த கட்டுரையை அங்கே யாரும் வாசிப்பதில்லை. பாதியில் நிற்கும் வேலையைத்தான் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

சொற்கள் எத்தனை முறை வருகின்றன என்று கணக்கிட்டுக்கொண்டிருந்த ஆய்வு மாணவி ஒருவரின் பட்டியலில், 'பொருள்' என்னும் சொல் இரண்டு இடங்களில் இரண்டு வெவ்வேறு எண்ணிக்கையோடு நின்றது. ஒரு மாதம் நிரலைத் திருத்திப் பார்த்தும் பிடிபடவில்லை. கூட்டத்தில் அதைத் திரையில் காட்டியதும், கணினித் துறை நண்பர் ஒருவர், எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் உள்ளிடலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் அடுத்தடுத்து இட்டும் உருவாக்கலாம் என்று விளக்கினார். நம் கண்ணுக்கு ஒரே சொல். சீர்படுத்தாதவரை கணினிக்கு இரண்டு. முடிந்த கட்டுரையாக வந்திருந்தால் இந்தப் பிழை அட்டவணைக்குள் ஒளிந்துகொண்டிருக்கும்.

ஓலைச்சுவடியில் சிக்கல் இன்னும் ஆழமானது. பழைய சுவடிகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கு வடிவ வேறுபாடு இல்லை. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். 'கரகம' என்று எழுதியிருந்தால் அது கரகமாகவும் இருக்கலாம், காகமாகவும் இருக்கலாம். தட்டச்சு செய்பவர் தமக்குத் தோன்றிய ஒன்றை மட்டும் உள்ளிட்டுவிட்டால், அங்கே ஓர் ஐயம் இருந்தது என்பதே அடுத்தவருக்குத் தெரியாமல் போகும். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பாடபேதங்களை, அதாவது சுவடிக்குச் சுவடி மாறும் சொல்வடிவங்களை, குறித்துக் காட்டியது ஐயத்தை மறைக்காத நேர்மையினால்தான். கணினியில் அதற்கு வழியில்லாமல் இல்லை. 1987இல் அமெரிக்காவின் வாசர் கல்லூரியில் கூடிய அறிஞர்கள் தொடங்கிவைத்த டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ் என்னும், நூல்களைக் கணினியில் குறியிட்டு வைப்பதற்கான நெறிமுறையில், மூலத்தில் உள்ள வடிவத்தையும் பதிப்பாளர் கொண்ட வடிவத்தையும் ஒரே கோப்பில் பக்கம்பக்கமாக வைக்க முடியும்.

தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தரும் முயற்சியாக 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்களை முகப்பிலேயே காணலாம். பல்கலைக்கழகங்களோ இத்தகைய உழைப்பை இன்றும் கணக்கில் எடுப்பதில்லை. பதவி உயர்வுக்குக் கட்டுரையைத்தான் எண்ணுகிறார்கள், கணினிக் கோப்புகளை எண்ணுவதில்லை. இது எனக்கு நெடுநாள் மனக்குறை.

சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு சுவடி வரிக்காக ஒரு மணி நேரம் வாதிட்டோம். அங்கிருப்பது நெருப்பைக் குறிக்கும் 'எரி' என்றார் தமிழ்ப் பேராசிரியர். நீர்நிலையாகிய 'ஏரி' என்றார் வரலாற்றுத் துறையினர். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கோப்பில் இப்போது இரண்டு சொற்களும், அவற்றைச் சொன்ன இருவரின் பெயர்களும் இருக்கின்றன.