நாணயத்தில் ஒரு கோடு: கீறலா, டை விரிசலா?

[திரையில்: நாணயத்தின் தலைப்பக்கம், மிக அருகில்]

இந்தக் கோட்டைப் பாருங்கள். விளிம்பில் தொடங்கி, இரண்டு எழுத்துகளுக்கு நடுவே புகுந்து, தலை உருவத்தின் தாடைவரை வந்து நிற்கிறது. பார்த்ததும் கீறல் என்றுதான் தோன்றும். நாணயத்தைக் கொஞ்சம் சாய்த்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பிடியுங்கள். கோடு பள்ளமாக இல்லை, மேடாக இருக்கிறது.

கீறல் விழுந்தால் ஓரத்தில் லேசாகப் பிசிறு எழும்பலாம். ஆனால் நடுவில் பள்ளம்தான் இருக்கும். இப்படி முழுக்க மேடாக ஓடும் கோடு கைமாறிப் புழங்கியதில் வந்ததல்ல, அச்சடிக்கும்போதே வந்தது.

[திரையில்: இரண்டு டைகள், நடுவே வெற்று வில்லை]

டை என்பது நாணயத்தில் டிசைனைப் பதிக்கும், கடினமாக்கப்பட்ட எஃகுத் தண்டு. அதன் முகத்தில் டிசைன் இடவலம் மாறி, பள்ளமாக இருக்கும். மேலே ஒரு டை, கீழே ஒரு டை, நடுவில் உலோக வில்லை. சுற்றிலும் வில்லை விரிந்துவிடாமல் பிடித்துக்கொள்ள காலர் என்ற வளையம். அழுத்தியதும் உலோகம் டையின் பள்ளங்களுக்குள் ஏறும். இன்றைய இயந்திரங்கள் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான நாணயங்களை அடிக்கின்றன. அத்தனை அடியைத் தாங்கும் எஃகு ஒரு கட்டத்தில் களைத்து விரிசல் விடும். விரிசலும் ஒரு பள்ளம்தானே? உலோகம் அதற்குள்ளும் ஏறிவிடுகிறது. நாம் பார்த்த மேட்டுக் கோடு அதுதான்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், விரிசல் வளரும் என்பது. ஒரே டையில் அடித்த நாணயங்கள் பத்துப் பதினைந்து கிடைத்தால், கோட்டின் நீளத்தை வைத்தே எது முதலில் அடித்தது, எது பின்னால் அடித்தது என்று வரிசைப்படுத்திவிடலாம். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நாணயச் சாலையில் 1888-இல் அடித்த வெள்ளி டாலர் ஒன்று இருக்கிறது. விரிசல் சுதந்திர தேவியின் முகத்தின் குறுக்கே ஓடியதால் சேகரிப்பாளர்கள் அதற்கு 'ஸ்கார்ஃபேஸ்' (தழும்பு முகம்) என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

[திரையில்: விளிம்போரம் கட்டி போன்ற மேடு]

விரிசல் முற்றி, டையின் ஓரத்தில் ஒரு துண்டே பெயர்ந்து விழுந்தால்? அந்த இடத்தில் நாணயத்தில் எழுத்தும் இருக்காது, உருவமும் இருக்காது, மொழுமொழு என்று ஒரு கட்டி மட்டும் இருக்கும். இப்போது நாணயத்தைத் திருப்புங்கள். கட்டிக்கு நேர் பின்னால் டிசைன் மங்கியிருக்க வேண்டும். உலோகம் அந்தப் பக்கத்து வெற்றிடத்தை நிரப்பப் போய்விட்டதால் இந்தப் பக்கத்துக்குப் போதாமல் போகிறது. யாரோ ஈயம் வைத்து ஒட்டிய கட்டி என்றால் பின்பக்கம் பளிச்சென்று முழுசாக இருக்கும்.

சில சமயம் வில்லை வந்து சேருவதற்கு முன்பே இரண்டு டைகளும் நேருக்கு நேர் மோதிவிடும். ஒன்றின் தடம் மற்றதில் பதிந்து, அதற்குப் பிறகு வரும் நாணயங்களில் மறுபக்க டிசைனின் நிழல் தெரியும். அந்தத் தழும்பைத் தேய்த்து எடுக்கப் போய் வேறு வம்பும் வரலாம். 1937-இல் அமெரிக்காவின் டென்வர் நாணயச் சாலையில் ஒரு டையை அளவுக்கு மீறித் தேய்த்ததில், ஐந்து சென்ட் நாணயத்தின் எருமை ஒரு முன்னங்காலை இழந்து மூன்று காலோடு வெளியே வந்தது.

[திரையில்: இரட்டையாகத் தெரியும் எழுத்துகள், இரண்டு படங்கள் அருகருகே]

அடுத்து, பலரும் ஏமாறும் இடம். எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். டையைச் செய்யும்போதே டிசைன் சற்று விலகி இரண்டு முறை பதிந்திருந்தால், அது இரட்டை டை. லிங்கன் உருவம் உள்ள, 1955-ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட் நாணயம் இதில் பிரபலம். தேதியும் எழுத்துகளும் வெறும் கண்ணுக்கே இரண்டிரண்டாகத் தெரியும். உண்மையான இரட்டிப்பில் இரண்டு எழுத்துகளுக்கும் உருண்ட வடிவமும், முனைகளில் பிளவும் இருக்கும். எழுத்தின் ஓரம் நசுங்கி, படி வெட்டியது போலத் தட்டையாக இருந்தால், அடித்த கணத்தில் டை லேசாக ஆடியிருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் கிடைப்பது இந்த இரண்டாவது ரகம். சேகரிப்பாளர்கள் அதற்குக் கூடுதல் விலை தருவதில்லை.

டையில் குறையே இல்லாமலும் பிழை வரும். 2008-இல் பிரிட்டனில் 20 பென்ஸ் நாணயத்தின் டிசைன் மாறியபோது, ஆண்டு பின்பக்கத்திலிருந்து ராணி இருக்கும் பக்கத்துக்கு மாறியது. பழைய முன்பக்க டையும் புதிய பின்பக்க டையும் ஜோடி சேர்ந்துவிட்டதால், ஒரு தொகுதி நாணயங்கள் ஆண்டே இல்லாமல் புழக்கத்துக்கு வந்துவிட்டன.

[திரையில்: பிறை போல ஓரம் வெட்டுப்பட்ட நாணயம்]

ஓரம் இப்படிக் குறைந்திருந்தால், உலோகத் தகட்டில் வில்லை வெட்டும்போது ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின்மேல் வெட்டு விழுந்திருக்கலாம். அப்படியானால் வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் பொதுவாக மங்கியிருக்கும். வில்லையின் விளிம்பை உயர்த்தும் இயந்திரத்தில், ஒரு பக்கம் பிடிமானம் இல்லாததால் எதிர்ப்பக்கத்துக்கு அழுத்தம் கிடைக்காது. அரத்தால் ராவிய நாணயத்தில் எதிர் விளிம்பு ஜம்மென்று நிற்கும்.

[திரையில்: 1943 சென்ட், அருகில் ஒரு காந்தம்]

வில்லையே மாறிப்போன கதையும் உண்டு. போருக்குத் தாமிரம் தேவைப்பட்டதால் 1943-இல் அமெரிக்கா சென்ட் நாணயத்தைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. முந்தைய வெண்கல வில்லைகள் சில அதில் கலந்துவிட்டன. அபூர்வம் என்பதால் போலிகள் ஏராளம். காந்தத்தில் ஒட்டினால் அது தாமிரம் பூசிய எஃகு, அங்கேயே விட்டுவிடலாம். ஒட்டாவிட்டாலும் பூதக்கண்ணாடியை எடுத்துத் தேதியின் கடைசி எண்ணைப் பாருங்கள். 1948-இன் 8-ஐச் செதுக்கி 3 ஆக்கியவையும் நிறைய உலவுகின்றன.