பென்சிலா, மெழுகா? மெழுகு உருளை அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்து போகாமல் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

இங்கிலாந்தின் கிராமத்துப் பாட்டைக் காத்தது சேகரிப்பாளரின் பென்சிலா, ஃபோனோகிராஃப் என்ற ஒலிப்பதிவு இயந்திரத்தின் மெழுகு உருளையா என்பது தலைப்பு. நான் மெழுகின் பக்கம். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் பாட்டுச் சேகரிப்பாளர் செசில் ஷார்ப்பை மேடைக்கு அழைத்து வந்து, மாலை போட்டு, உட்காரவும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஷார்ப் ஏறத்தாழ 5,000 மெட்டுகளை எழுதி எடுத்தவர், உங்கள் மெழுகு எத்தனை பிடித்தது என்று கேட்டார். எண்ணிக்கையில் நாங்கள் தோற்றோம் ஐயா. நடுவர் அதை இப்போதே குறித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஐயாயிரத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்க வேண்டாமா?

ஷார்ப்பின் முதல் பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1903 செப்டம்பர், சாமர்செட்டில் ஹாம்பிரிட்ஜ் கிராமம். பாதிரியார் வீட்டுத் தோட்டக்காரர் ஜான் இங்கிலாந்து புல் வெட்டிக்கொண்டே 'தி சீட்ஸ் ஆஃப் லவ்' என்ற பாட்டைப் பாடுகிறார். ஷார்ப் குறிப்பேட்டை எடுத்து மெட்டை எழுதுகிறார். நல்ல காரியம்தான். அப்புறம் நடந்ததைக் கேளுங்கள். அன்று மாலையே அந்த மெட்டுக்குப் பியானோ பக்கவாத்தியம் எழுதியாகிவிட்டது. பயிற்சி பெற்ற ஒரு பெண் அதை விருந்தில் பாடினார். கேட்டவர்களில் ஒருவர், இந்தப் பாட்டு விருந்து உடை உடுத்துவது இதுதான் முதல் தடவை என்றாராம். காலையில் தோட்டத்தில் இருந்த பாட்டு, இருட்டுவதற்குள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டது! அந்தத் தோட்டக்காரரின் தொண்டை எப்படிப்பட்டது? கரகரப்பா, கணீரா? எந்தச் சொல்லை இழுத்தார், எதை விழுங்கினார்? குறிப்பேட்டில் பதில் இல்லை.

இனி எங்கள் ஆளுக்கு வருகிறேன். பெர்சி கிரெய்ஞ்சர், ஆஸ்திரேலியாவில் பிறந்து லண்டனில் இருந்த இளம் பியானோ கலைஞர். 1905 ஏப்ரலில் லிங்கன்ஷரில் பிரிக் என்ற சிற்றூரில் நடந்த இசைப் போட்டிக்குப் போகிறார். அந்தப் போட்டியில் நாட்டுப்புறப் பாட்டுக்கும் ஒரு பரிசு உண்டு. அதை வென்றவர் ஜோசஃப் டெய்லர், எழுபதைத் தாண்டிய பண்ணைக் காரியஸ்தர். அந்த முறை கிரெய்ஞ்சர் கையில் இருந்ததும் பென்சில்தான். டெய்லர் பாடிய 'பிரிக் ஃபேர்' மெட்டை அந்தப் பென்சிலால்தான் எழுதினார். மறு ஆண்டு அதே மனிதர், அதே ஊருக்கு, எடிசன் ஃபோனோகிராஃபோடு வந்தார். பென்சிலைத் தொடாமலே அதைக் குறை சொன்னவர் அல்ல அவர். கையால் எழுதிப் பார்த்துப் போதாது என்று கண்டவர். எதிரணியினர் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

அந்த இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டாம். சாவி கொடுத்தால் சுருள்வில் உருளையைச் சுற்றும். பாடகர் குழலுக்கு அருகில் வாயை வைத்துப் பாட வேண்டும். குரலின் அதிர்வு ஊசியை ஆட்ட, ஊசி மெழுகில் கோடு கீறும். ஓர் உருளைக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். நீண்ட கதைப்பாட்டு என்றால் பாதியில் உருளை முடிந்துவிடும். அந்தக் குறையையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பாடகர் வீட்டுக்குப் போன பிறகுதான் இதன் அருமை தெரியும். கிரெய்ஞ்சர் உருளையை வேகம் குறைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டினார். டெய்லரை உட்கார வைத்து ஒரே வரியை அத்தனை முறை பாடச் சொன்னால் மனிதர் எழுந்து போயிருப்பார், மெழுகு போகாது. அப்படிக் கேட்டபோது, நேராகப் பாடும்போது காதில் நழுவியவை எல்லாம் வெளியே வந்தன. டெய்லர் ஒரு சரணத்தைப் போல இன்னொன்றைப் பாடுவதில்லை. சொல்லுக்கு ஏற்ப மெட்டு வளைகிறது, தாளம் ஓரிடத்தில் நீள்கிறது, ஓரிடத்தில் குறுகுகிறது. நம் கச்சேரி ரசிகர்கள் கமகம் என்று தலையாட்டுவார்களே, அதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய சின்னச் சின்னச் சுழிப்புகளும் நடுக்கங்களும் அவர் குரலில் உண்டு. பென்சில்காரர்கள் பெரும்பாலும் ஒரு சரணத்தின் மெட்டை எழுதிக்கொண்டு, மற்றச் சரணங்களுக்குச் சொற்களை மட்டும் குறித்துக்கொண்டார்கள். கிரெய்ஞ்சர் ஒவ்வொரு சரணத்தையும் தனித்தனியாக எழுதினார். அந்தத் தாள்களைப் பார்த்தால் தலை சுற்றும், சரிதான். பாட்டு அப்படித்தான் இருந்தது, அவர் என்ன செய்வார்?

1908இல் இதையெல்லாம் நாட்டுப்புறப் பாட்டுச் சங்கத்தின் இதழில் கட்டுரையாக எழுதினார். அதில் ஒரு வெடியும் வைத்தார். இந்தப் பாடகர்கள் டோரியன், மிக்சோலிடியன் என்று தனித்தனிப் பழைய ஸ்வரவரிசைகளில் பாடுகிறார்கள் என்று அறிஞர்கள் சொல்லிவந்தார்கள். கிரெய்ஞ்சர் உருளையைக் கேட்டுவிட்டு, அப்படியில்லை, மூன்றாம் ஸ்வரமும் ஏழாம் ஸ்வரமும் இடத்துக்கு இடம் ஏறி இறங்குகின்றன, இவர்கள் பாடுவது இறுக்கமில்லாத ஒரே வரிசை என்றார். சங்கத்தின் பெரியவர்களுக்கு இது ரசிக்கவில்லை. யார் சொன்னது சரி என்று இந்த மேடையில் தீர்க்க முடியாது. ஆனால் உருளை இருக்கிறது, இன்றைக்கும் போட்டுக் கேட்டு வாதாடலாம். குறிப்பேட்டில் எழுதியவர் ஏற்கெனவே ஒரு ஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்து முடித்துவிட்டார். அதற்கு மேல் அப்பீல் இல்லை!

ஷார்ப் அதே ஆண்டு கிரெய்ஞ்சருக்கு ஒரு கடிதம் எழுதினார். பாட்டை எழுதும்போது அதன் கலை விளைவைப் பதிந்தால் போதும், அந்த விளைவு எந்த வழியில் வந்ததோ அதை அப்படியே பதிய வேண்டியதில்லை என்பது அதன் சாரம். எதிரணித் தலைவர் இதைப் பெருமையாகவே மேற்கோள் காட்டினார். எனக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் கோபம் வருகிறது. கலை விளைவு எது என்று முடிவு செய்வது யார்? ஜார்ஜ் கூல்டுதார்ப் என்ற பாடகர் பிரிக் ஊரின் ஏழைகள் விடுதியில் காலம் தள்ளியவர். குரல் கரடுமுரடு என்று கிரெய்ஞ்சரே சொல்கிறார், ஆனால் அதில் தடவிக்கொடுப்பது போன்ற ஒரு மென்மை இருந்தது என்றும் சொல்கிறார். 'கலை விளைவு' என்ற சல்லடையில் போட்டால் அந்தக் கரகரப்புதான் முதலில் கீழே விழும். மெழுகுக்கு அந்தச் சல்லடை கிடையாது.

இயந்திரத்தைக் கண்டு கிராமத்தார் மிரண்டார்கள், இயல்பாகப் பாடவில்லை என்ற எதிரணியின் வாதத்துக்கு வருகிறேன். சிலர் மிரண்டிருக்கலாம். ஆனால் லிங்கன்ஷரில் ஒரு பாடகர் தம் பாட்டையே உருளை திருப்பிப் பாடக் கேட்டு, நான் கற்றுக்கொண்டதைவிட வேகமாக இது கற்றுக்கொண்டதே என்றாராம். இது மிரண்டவர் பேச்சா? அப்புறம், கோட்டு போட்ட கனவான் ஒருவர் எதிரில் உட்கார்ந்து பாட்டை நிறுத்தி நிறுத்தி எழுதினால் மட்டும் ஒரு விவசாயக் கூலிக்கு இயல்பாகப் பாட வருமா? பயம் இரண்டு பக்கமும் உண்டு.

இன்னொன்று. லண்டனின் கிராமஃபோன் கம்பெனி 1902லேயே கல்கத்தாவுக்குக் கப்பலேறி வந்து பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிந்துவிட்டது. தன் வாசலில் இருந்த கிராமத்துப் பாடகரை இசைத்தட்டு வட்டில் பதிக்க அதற்கு 1908 ஆயிற்று. கிரெய்ஞ்சர் சொல்லித்தான் டெய்லரை லண்டனுக்கு வரவழைத்தார்கள். வட்டுகளை, உண்மையான குடியானவர்கள் பாடியவை என்று விளம்பரப்படுத்தி விற்றார்கள். நம் டெய்லர் குடியானவர் அல்ல, காரியஸ்தர், அதையெல்லாம் யார் பார்த்தார்கள்!

'பிரிக் ஃபேர்' மெட்டை வைத்து 1907இல் இசையமைப்பாளர் டீலியஸ் எழுதிய பெரிய வாத்தியக்குழு இசை, பென்சில் எழுதிய மெட்டிலிருந்து பிறந்ததுதானே என்று அடுத்துப் பேச வரும் அம்மா கேட்கப்போகிறார். ஆமாம், 1905இல் எழுதியது. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்டால் எனக்கு டீலியஸ் கேட்கிறார். டெய்லர் 1910இல் இறந்துவிட்டார், அவரைக் கேட்க எனக்கு 1908 வட்டுதான் வேண்டும்.

மெழுகு தேயும், பூஞ்சை பிடிக்கும், ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் கொஞ்சம் குரலைத் தின்னும் என்றும் அந்த அம்மா சொல்வார். எல்லாம் உண்மை. அதனால்தான் உருளைகளிலிருந்து வட்டுகளுக்குப் படி எடுத்தார்கள். 2018இல் பிரிட்டிஷ் நூலகம் கிரெய்ஞ்சரின் உருளைத் தொகுப்பை இணையத்தில் வைத்தபோது, பாட்டோடு சேர்ந்து உருளையின் இரைச்சலும்தான் வந்தது. இரைச்சல் காதைக் குடைகிறதே என்று யாராவது கேட்டால், பென்சில் போடும் இரைச்சல் எழுதினவர் காதுக்குள்ளேயே இருந்துவிடுகிறது, நமக்குக் கேட்பதில்லை, அவ்வளவுதான் என்று சொல்லி அமர்கிறேன். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். நன்றி, வணக்கம்.