டவுசர் போடும் நேரமே பாட நேரம்

நடுவர் அவர்களுக்கும், வேலையெல்லாம் போட்டுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம். "சிறப்புக் குழந்தை தன் வேலையைத் தானே செய்யக் கற்பது பெரிதும் பயிற்சி மையத்தாலா, வீட்டாலா?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். வீட்டால்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "மையத்தில் படித்தவர்கள் இருக்கிறார்கள், கருவிகள் இருக்கின்றன. வீட்டில் என்ன இருக்கிறது, செல்லம்தானே?" பலமாகக் கைதட்டினீர்கள். வீட்டில் இருப்பது நேரம் ஐயா! வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு நாளொன்றுக்கு 10 மணி நேரம் தள்ளினாலும் 98 மணி நேரம் மிஞ்சும். மையத்தில் வாரம் 3 நாள், ஒரு நாளைக்கு முக்கால் மணி என்றால் மொத்தமே இரண்டேகால் மணி நேரம். மீதியெல்லாம் யார் கையில் இருக்கிறது?

அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரே ஒரு டவுசரை எடுத்துக்கொள்கிறேன். அறிவுசார் குறைபாடு உள்ள ஏழு வயதுப் பிள்ளைக்கு டவுசர் போடக் கற்றுத்தர வேண்டும். இடுப்பில் எலாஸ்டிக் வைத்தது, ஒரு அளவு பெரியது, பட்டன் ஜிப் இல்லாதது வாங்குங்கள். குளித்து முடித்ததும் காலை நன்றாகத் துடையுங்கள்; ஈரக் காலில் துணி ஒட்டிக்கொண்டு ஏறாது, பிள்ளை எரிச்சலில் கத்தும், நாம் "இவனுக்கு வராது" என்று முடிவு கட்டிவிடுவோம். வராதது பிள்ளைக்கு இல்லை, துணிக்கு.

இனி, வேலையைக் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். முக்காலியில் உட்காரவைத்து இரண்டு காலையும் நீங்களே நுழையுங்கள், முழங்கால் தாண்டி ஏற்றுங்கள், எழுப்பி நிற்கவைத்து இடுப்புக்கு நாலு விரல்கடை கீழே கொண்டுவந்து நிறுத்துங்கள். அந்த நாலு விரல்கடை மட்டும்தான் பிள்ளையின் பாடம். பின்னால் நின்று, பிள்ளையின் கட்டைவிரல்களை எலாஸ்டிக்குக்குள் நுழைத்து, உங்கள் கையை அதன் கைமேல் வைத்து இழுங்கள். பின்பக்கம்தான் மாட்டும், ஒரு கையை முன்னாலும் ஒரு கையைப் பின்னாலும் வைத்து இழுக்கப் பழக்குங்கள். ஏறியவுடன், அந்த நொடியே, "போட்டுட்டியே!" என்று கட்டிக்கொள்ளுங்கள். வேலையை முடித்தது பிள்ளை, பாராட்டும் பிள்ளைக்கு. முதலிலிருந்து கற்றுத்தந்தால் கால் நுழைப்பதற்குள்ளேயே களைத்துவிடும், முடித்த மகிழ்ச்சி கடைசிவரை கிடைக்காது.

சில நாளில் உங்கள் கை அதன் கையிலிருந்து மணிக்கட்டுக்கு வரவேண்டும், பிறகு முழங்கைக்கு, பிறகு வெறும் தொடுதல். மூன்று நாள் தொடர்ந்து தொடாமலே ஏற்றினால், அடுத்து தொடையிலிருந்து ஏற்றவிடுங்கள். இப்படியே கீழிறங்கி, கடைசியாகத்தான் கால் நுழைப்பது. எந்தப் பக்கம் முன்பக்கம் என்று தெரிய, பின்பட்டையின் நடுவில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டுவையுங்கள். ஒன்று மட்டும் வேண்டாம்: பக்கத்தில் நின்று "இழு, இழு, இன்னும் இழு" என்று சொல்லாதீர்கள். கையை விலக்குவது எளிது, வாயை விலக்குவது கடினம். அந்தக் குரல் வரும்வரை பிள்ளை டவுசரைப் பிடித்துக்கொண்டு காத்து நிற்கும்.

"செல்லம்" என்றாரே, அதில் உண்மை உண்டு. ஏழரை மணிக்கு வேன் வரும், அவசரத்தில் அம்மா முழுவதையும் போட்டுவிடுவார். அப்படியானால் காலையில் போட்டுவிடுங்கள். பாடத்தை மாலைக் குளியலுக்கு மாற்றுங்கள். வீட்டால் ஆகாது என்று சொல்லும் காரணமா இது? நேரத்தை மாற்றினால் தீரும் சங்கதி.

இன்னொன்று, வீட்டாருக்குள் பேச்சு ஒத்துப்போக வேண்டும். சிறுநீருக்கு அம்மா "உச்சா" என்கிறார், பாட்டி "ஒண்ணுக்கு" என்கிறார், அப்பா "பாத்ரூம்" என்கிறார். பேச்சே தாமதமாக வரும் பிள்ளைக்கு ஒரே காரியத்துக்கு மூன்று பெயர்! ஒரே சொல், ஒரே கைச்சாடை என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் அரை மணிக்கு ஒருமுறை ஈரமா காய்ந்ததா என்று காலண்டர் தாளின் பின்பக்கம் குறித்து வைத்தால் பிள்ளையின் இடைவெளி தெரிந்துவிடும். அதற்குப் பத்து நிமிடம் முன்னால் அழைத்துப் போங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்காரவைக்காதீர்கள். இந்தக் கணக்கை எந்த மையம் எடுக்க முடியும்?

கற்றது இடம் மாறினால் தங்காது என்பதும் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு உள்ள சிக்கல், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம். மையத்தில் பிளாஸ்டிக் கட்டையில் சிவப்பைக் காட்டும் பிள்ளை வீட்டில் தக்காளியைக் காட்டாது. அதனால் வீட்டுப் பாடத்தை வீட்டுப் பொருளிலேயே நடத்துங்கள். சாப்பிடும் நேரத்தில் ஆளுக்கொரு தட்டு வைக்கச் சொல்லுங்கள்; அதுதான் எண்ணிக்கையின் முதல் பாடம்.

அடுத்து எதிரணித் தோழி ஒருவர் மனம் நொந்து கேட்டார்: "வீடு என்றால் அம்மா தலையில்தானே கட்டுகிறீர்கள்?" அம்மா, உங்கள் கேள்விக்குத் தலைவணங்குகிறேன். குளியலும் டவுசரும் அப்பாவுக்கு, தட்டு வைப்பது பாட்டிக்கு, துணி மடிப்பது அக்காவுக்கு என்று பிரிக்காத வீட்டை நான் வீடு என்று வாதாட வரவில்லை.

மையமே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. வலிப்பு மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது, காதுக்கருவியை நாமாகத் திருகக் கூடாது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையைப் படுக்கவைத்து, தலையை அண்ணாத்தி ஊட்டினால் உணவு மூச்சுக்குழலுக்குள் போகும். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, கரண்டியை நேர் எதிரிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று நமக்குக் காட்டுபவர் சிகிச்சையாளர்தான். அவர் ஒருமுறை காட்டுவார். அதை நாளுக்கு மூன்று வேளை செய்வது நாம்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் போர்ட்டேஜ் என்ற ஊரில் 1969-இல் தொடங்கிய திட்டம் இதைத்தான் செய்தது. ஆசிரியர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார், பாடத்தைத் தாளில் எழுதிக் காட்டிவிட்டுப் போவார், மற்ற நாளெல்லாம் பெற்றோர் நடத்துவார்கள். சென்னையில் சிறப்புக் குழந்தைகளுக்காக 1989-இல் தொடங்கிய மதுரம் நாராயணன் மையத்திலும், அம்மாவோ வீட்டில் ஒருவரோ குழந்தையோடு இருந்து கற்றுக்கொள்வதுதான் ஏற்பாடு. கல்வி உரிமைச் சட்டத்தின் 2012 திருத்தமும், கடும் குறைபாடு உள்ள பிள்ளை வீட்டிலிருந்தே கற்கலாம் என்று உரிமை கொடுத்தது. நல்ல மையம் எதுவும் வீட்டை நம்பித்தான் பாடத்தைக் கொடுத்தனுப்புகிறது.

நடுவர் அவர்களே, எனக்குப் பின்னால் எதிரணியில் இன்னும் ஒருவர் பேச இருக்கிறார். அவர் இந்த ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும்: மையம் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலை, குளித்துவிட்டு நிற்கும் அந்தப் பிள்ளையின் கட்டைவிரலை எலாஸ்டிக்குக்குள் நுழைத்துவிடுவது யார்?