நீச்சல் குளக் கேட்டுக்குச் செருப்பை முட்டுக் கொடுக்காதீர்கள்!

வணக்கம் மக்களே. தே ஹாலியா, அதான் இஞ்சித் தேநீர், கையில் வந்தாச்சு, பேசலாம். இன்றைக்குச் சமையல் இல்லை. அக்கா வீட்டு நீச்சல் குளத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். மாடிக்கு வலை போட்ட வீடியோவில் பார்த்தீர்களே, சிங்கப்பூர் சிராங்கூன் கார்டன்ஸில் இருக்கும் அதே வீடுதான். அக்கா மகனுக்கு இப்போது மூன்று வயது. அவன் எங்கே நடக்கிறான், ஒரே ஓட்டம்தான்.

ஒருவழியாகக் குளத்தைச் சுற்றி வேலி போட்டாச்சு, நாலு பக்கமும். மூன்று பக்கம் வேலி, நாலாவது பக்கம் வீட்டுச் சுவர் என்று போடுவார்களே, எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. சமையலறைக் கதவைத் தள்ளினால் பிள்ளை நேரே தண்ணீரில்தான் நிற்பான். வேலி 1.2 மீட்டருக்குக் குறையக் கூடாது. கால் வைத்து ஏற வசதியாகக் குறுக்குக் கம்பி இருக்கக் கூடாது. கேட் தானாகச் சாத்தி, தாழும் தானாக விழ வேண்டும்.

அந்தத் தாழ்தான் படுத்திவிட்டது! கேட்டை அகலத் திறந்து விட்டால் வேகமாக வந்து பூட்டிக்கொள்கிறது. ஒரு சாண் மட்டும் திறந்து விட்டால் மெதுவாக வந்து, தாழைத் தொட்டுவிட்டு அப்படியே நிற்கிறது. பார்த்தால் மூடியிருப்பது போலவே இருக்கும். பொருத்தியவரைக் கூப்பிட்டால், “இழுத்துச் சாத்துங்க, சரியாயிடும்” என்கிறார். மூன்று வயதுப் பிள்ளை இழுத்துச் சாத்துவானா? மறுபடி வந்து பார்க்க 80 வெள்ளியாம்! அத்தான் திருப்புளியை எடுத்தார். கீல் தலையில் ஸ்பிரிங்கை முறுக்கும் திருகு ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகத் திருக, எவ்வளவு குறைவாகத் திறந்தாலும் ‘டக்’. கேளுங்கள், பதிவு செய்து வைத்திருக்கிறேன்... டக்! என்ன இனிமை!

இவ்வளவு பாடுபட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த யாரோ, சாப்பாட்டுத் தட்டோடு போய்வர வசதியாக அதே கேட்டுக்குச் செருப்பை முட்டுக் கொடுத்திருக்கிறார். எனக்கு வந்த கோபம்! குளத்தைச் சுற்றி அத்தனை பெரியவர்கள். ஆளாளுக்கு மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தால் பிள்ளையை யாருமே பார்ப்பதில்லை. தண்ணீரில் தத்தளிக்கிற பிள்ளை கத்தாது, கையை ஆட்டிக் கூப்பிடாது. வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த ஒரு நொடியில் மூச்சு வாங்கவே நேரம் போதாது. அதனால் அன்றைக்கே சொல்லிவிட்டேன்: ஒரு நேரத்துக்கு ஒருவர் பொறுப்பு. கைபேசி கிடையாது, பிரியாணி கிடையாது. கால் மணி நேரம் கழித்து, வாய் திறந்து சொல்லி அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

கையில் மாட்டுகிற காற்றுப் பட்டையை நம்பாதீர்கள். அது விளையாட்டுச் சாமான், கழன்றுவிடும், காற்றும் இறங்கும்.

அட, நீச்சலுடையை மறந்தேவிட்டேன்! வெளிர் நீலம் தண்ணீருக்குள் போனால் கண்ணுக்கே தெரியாது. தேக்கா சந்தையில் பளீர் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று வாங்கினேன், 18 வெள்ளி சொன்னதை 12-க்குப் பேசி முடித்தேன். குளத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் தெரிகிறான்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களே, குளியலறை வாளியும் காற்றடித்த குட்டிக் குளமும் இதே கதைதான். சின்னக் குழந்தை மூழ்கச் சில சென்டிமீட்டர் தண்ணீரே போதும். வேலை முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள். தொடக்கப்பள்ளியில் ஸ்விம்சேஃபர் என்ற நீச்சல் பாதுகாப்புப் பயிற்சி இருக்கிறது, 2010-இல் வந்தது, நல்ல திட்டம். ஆனால் மூன்று வயதுக்காரன் அதுவரைக்கும் காத்திருப்பானா?

பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் குளத்தைப் பாருங்கள், கட்டிலுக்கு அடியில் அப்புறம் தேடலாம். மூச்சு இல்லையென்றால் ஒருவர் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைக்க, இன்னொருவர் உடனே சிபிஆர் என்ற உயிர்காப்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். மூழ்கிய பிள்ளைக்கு நெஞ்சை அழுத்தினால் மட்டும் போதாது, வாயோடு வாய் வைத்து மூச்சும் கொடுக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள அக்கா, அத்தான், வீட்டுப் பணிப்பெண், நான் எல்லோரும் வகுப்புக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். போய்வந்து வீடியோ போடுகிறேன்.