நிபந்தனை இல்லாமல் வழியனுப்புங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். குடும்பத் தொழிலை விட்டுக் கல்லூரிக்குப் புறப்படும் பிள்ளையிடம் பெற்றோர் சொல்ல வேண்டியது, ‘படித்து முடித்துத் தொழிலுக்குத் திரும்பி வா’ என்பதா, ‘உன் வழியை நீயே தேர்ந்துகொள்’ என்பதா என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டாவது சொல்லுக்காகவே நான் நிற்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் கோரைப் புல்லால் நெய்யும் பாயைப் பற்றி உருகி உருகிப் பேசினார். மணமக்கள் பெயரை நெய்து தரும் அந்தப் பாய்க்கு, அந்த ஊருக்கே உரிய பொருள் என்று சொல்லும் புவிசார் குறியீடு கிடைத்ததையும், பட்டுத்துணி போல அது மடங்குவதையும் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும் கைதட்டினேன். ஆனால் பாயின் அழகைச் சொன்னவர், அந்தத் தறிக்குப் பின்னால் குனிந்திருக்கும் முதுகைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் விளையும் கோரையை அறுத்து, வெயிலில் காயவைத்து, கத்தியால் மெல்லிய இழைகளாகக் கிழித்து, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடியும் உலர்த்திச் சாயம் ஏற்றிய பிறகுதான் அது தறிக்கே வருகிறது. தரையை ஒட்டிக் கட்டிய அந்தத் தறியில் ஒவ்வோர் இழையாகக் கோத்து அடிக்க வேண்டும். மெல்லிய ரகம் என்றால் ஒரு பாய் முடிய வாரங்கள் ஆகும். பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை அது. அந்த வீட்டுப் பெண் கல்லூரிக்குப் போகிறாள் என்றால், தறியில் ஒரு கை குறைகிறது. அந்த இழப்பு பொய்யில்லை என்பதை எங்கள் அணி மறைக்கவில்லை.

இழப்பு உண்மையாக இருப்பதால்தான் வழியனுப்பும் நேரத்துச் சொல்லுக்கு இவ்வளவு கனம் வருகிறது. பாளையங்கோட்டைக்குப் போகும் பஸ்ஸுக்காகப் பெட்டியோடு நிற்கும் மகளிடம், “நல்லாப் படிளா, முடிச்சுட்டு வந்து தறியில உக்காந்துரணும்” என்று ஒரு தாய் சொன்னால், அவள் அன்பாகத்தான் சொல்கிறாள். ஆனால் அந்தப் பெண்ணின் காதில் அது கடன் பத்திரம் போல விழுகிறது. மூன்றாண்டும் அவள் எந்தப் பாடத்தைப் படித்தாலும், எந்த வேலைக்கு மனுப் போட்டாலும், வீட்டுக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற உறுத்தல் கூடவே இருக்கும். ஆசிரியராகவோ செவிலியராகவோ ஆக நினைப்பவள், அந்த நினைப்பை வீட்டில் வாய்விட்டுச் சொல்லவே தயங்குவாள்.

எதிரணி நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஒரு பழைய கதையை நினைவூட்டுகிறேன். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. தமிழ்நாடு அதற்குக் ‘குலக்கல்வி’ என்று பெயர் வைத்து எதிர்த்தது; 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அரசாங்கம் போட்ட நிபந்தனையையே ஏற்காத நாம், அதே நிபந்தனையை வீட்டு வாசலில், கண்ணீரும் கலந்து போட்டால் மட்டும் ஏற்க வேண்டுமா? இன்று அதே அரசு, 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. திரும்பி வந்து பாய் முடைவாயா என்று அது கேட்பதில்லை.

‘படித்த பிள்ளை வந்தால்தான் தொழில் நவீனமாகும்’ என்றார் எதிரணி நண்பர். வரட்டும், யார் தடுத்தார்கள்? வணிகவியல் படித்தவள் தானாக விரும்பி வந்து, இணையத்தில் பாய் விற்று, இடைத்தரகருக்குப் போகும் பணத்தைத் தாயின் கையில் கொடுத்தால் முதலில் மகிழ்வது நாங்கள்தான். விரும்பி வருகிறவளுக்கு வாசலில் ஆணை எதற்கு? விரும்பாமல் வருகிறவள் தொழிலை எப்படி வளர்ப்பாள்? நெய்கிறவருக்குக் கட்டுப்படியாகும் கூலி இருந்தால் தொழில் தானே ஆளைத் தேடிக்கொள்ளும். கூலியைக் கூட்டச் சொல்லி எதிரணி ஒரு வரி பேசியிருக்கலாம். பேசவில்லை, பிள்ளையைக் கேட்பது அதைவிடச் சுலபம் போலிருக்கிறது.

‘அப்படியானால் அந்தத் தறி யாருக்கு?’ என்று கடைசியாகக் கேட்டார். கற்க வருகிற யாருக்கும். பக்கத்துத் தெருப் பெண்ணுக்குக் கூலியும் கொடுத்துக் கற்றுக்கொடுத்தால் பாய் நெய்ய வராதா? மகளின் ரத்தத்தில்தான் கோரை ஏறுமா?

நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் எதிரணியினரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அங்கே அமர்ந்திருக்கும் பேராசிரியரும் வங்கி அதிகாரியும் தங்கள் பிள்ளைகளைச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் படிக்க அனுப்பியபோது, திரும்பி வந்து எந்தத் தறியில் உட்காரச் சொன்னார்கள்?